ஆற்றலுக்கேற்ற அவா



பனமலையில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்கினால், பல்லவ வேந்தன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் குன்றும், அதனருகே விரிந்து கிடக்கும் ஏரியும் தெரியும். தைத்திங்களில் ஒரு நாள், ஞாயிறு மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு அத்திண்ணையில் அமர்ந்திருந்தேன். பிளஸ் டூ பயிலும் என் பேத்தி வந்து அருகில் அமர்ந்தாள். சிறிது நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆயா, எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? அப்பாவிடம் கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்கிறார். நீங்கள் ஆசிரியராக இருந்தவர்கள், நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

நாற்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பள்ளியில் கேள்வி கேட்டே பழகிய எனக்கு, இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில் இது கல்லூரியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. வளரும் பிள்ளையிடம் உண்மையை எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது, எந்த நோக்கத்தோடு சொல்வது என்னும் அறக்கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று இக்கேள்வி எழுகின்றது. ஆதலின் நான் எண்ணியவற்றை நம் இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இத்தகைய கேள்விக்குப் பெரியோர் கைவசம் மூன்று விடைகள் எப்போதும் உண்டு. "உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்" என்பது ஒன்று. "பார்க்கலாம்" என்பது மற்றொன்று. "எல்லாம் வினைப்பயன்படி நடக்கும்" என்பது மூன்றாவது. இம்மூன்றில் இரண்டை நான் என் வாழ்விலேயே கண்டிருக்கிறேன். ஒன்றைக் கேட்டவள் நான். மற்றொன்றைச் சொன்னவள் நான்.

1968-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது, புகுமுக வகுப்பில் சேர்ந்து அறிவியல் பயின்று மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் எனக்கிருந்தது. தந்தையாரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதே சொல். எனக்குப் பின் இரு தங்கையர்; நிலமோ வானம் பார்த்த நிலம். அவரால் இயலாது என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். மகள் முகம் வாடுவதைக் காணப் பொறாமல் அவர் அதைச் சொல்லவில்லை. ஆடியில் ஒரு நாள் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வந்தது, கையொப்பமிட்டேன். ஆசிரியப் பணியை நான் பின்னர் உளமார நேசித்தேன். அதில் எனக்குக் குறையே இல்லை. ஆயினும், "அம்மா, நம்மால் இவ்வளவுதான் இயலும்" என்று அவர் சித்திரையிலேயே சொல்லியிருந்தால், அந்த மூன்று மாதக் காத்திருப்பின் கசப்பு எனக்கு இருந்திராது. அன்பினால் விளைந்த மௌனமே என்றாலும் அது சுட்டது.

மற்றொன்று நான் செய்த பிழை. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் பயின்ற ஒரு மாணவன், 1990-களில், நுழைவுத்தேர்வு எழுதுமுன் என்னிடம் வாழ்த்துப் பெற வந்தான். நன்றாகப் படிப்பவன், ஆனால் பொறியியல் கல்லூரிகளில் முதன்மையானதொன்றையே குறி வைத்து, வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருந்தான். அதை அவன் வாயாலேயே கேட்டறிந்தும், "உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்" என்று கூறி அனுப்பினேன். இடம் கிடைக்கவில்லை. அதன் பின் அவன் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் அவனைக் கண்டேன். எழுந்து நின்று இடம் கொடுத்தான். ஏனப்பா வரவேயில்லை என்றேன். "டீச்சர், நீங்கள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கிடைக்காதபோது, கல்லூரிக்கு ஆகாதவன் என்பதோடு உங்கள் சொல்லையும் பொய்யாக்கியவன் என்று எண்ணிக்கொண்டேன். எந்த முகத்தோடு வருவது?" என்றான். வாழ்த்து என்று நான் கொடுத்தது அவன் தோளில் கடனாக ஏறியிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி அறநூல்களின் பக்கம் வருவோம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று பொய்யாமை. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் தமிழ் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை விளக்குமிடத்து, பொய்யை விலக்குவதோடு நில்லாமல், பிறர்க்குக் கேடு பயக்குமாயின் மெய்யையும் விலக்கச் சொல்கின்றன. இதை மேலோட்டமாகக் கொள்பவர், பிள்ளையின் மனம் நோகுமே என்று உண்மையைச் சொல்லாமல் விடுவதே அறம் என்று முடிவு கட்டக்கூடும். என் தந்தையார் அவ்வாறுதான் எண்ணியிருப்பார்.

ஆனால் கேடு என்பது எது? சொன்ன நொடியில் முகம் வாடுவது கேடா? வேறு வழிகளைத் தேடக் கிடைத்திருக்கும் காலத்தை இழப்பது கேடா? மருந்து கசக்கும் என்பதற்காக அதை விலக்கும் தாய் எவளும் இல்லை. ஆகவே, மெய் நோகச் செய்கிறதா என்பதோடு, அது கேட்பவரை வலுவிழக்கச் செய்கிறதா, வலுப்பெறச் செய்கிறதா என்றும் வினவ வேண்டும். ஒரே உண்மையை, பிள்ளையை அடக்குவதற்காகச் சொன்னால் அது இம்சை. வழிகாட்டுவதற்காக, உரிய காலத்தில், இன்சொல்லால் சொன்னால் அது அபயதானத்தைச் சார்ந்தது என்பது என் கருத்து.

வினைப்பயன் என்னும் மூன்றாம் விடையையும் நான் ஏற்பதில்லை. நம் அறம் வினைக்கொள்கையை உரைத்தது, முயற்சியை விடுவதற்காக அன்று. தன் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உயிர் தானே பொறுப்பு என்று சொல்லும் அறம் நம்முடையது. தேர்வுக்கு முன்பே வினைப்பயனைச் சொல்லிக் கைகழுவுவது, பெரியோர் தம் பொறுப்பிலிருந்து நழுவுவதே ஆகும்.

உண்மையைச் சொல்வதென்றால் முதலில் உண்மையை அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் பலர் அதைச் செய்வதில்லை. ஆகவே மறுநாள் நானும் பேத்தியும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். 2024-ஆம் ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எழுதியோர் 23 இலட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றுள் ஏறத்தாழப் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. அதாவது ஏறக்குறைய இருபது பேருக்கு ஓர் இடம். கட்டணம் எளிதாகச் செலுத்தத்தக்க இடம் நாற்பது பேருக்கு ஒன்று. நமக்கு அண்மையில் முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பெற்ற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 100 இடங்களோடு தொடங்கியது. ஐ.ஐ.டி. நிறுவனங்களை நாடுவோர் நிலையும் இத்தகையதே. அதே ஆண்டில் முதற்கட்டத் தேர்வை எழுதியோர் சுமார் 14 இலட்சம். அவர்களுள் முன்னின்ற இரண்டரை இலட்சம் பேரே இரண்டாம் கட்டத்துக்குத் தகுதி பெற்றனர். அதை எழுதியோர் 1,80,200 பேர். இருந்த இடங்கள் 17,740.

இவ்வெண்களைக் கண்டதும் பேத்தி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால், கிடைக்காத பத்தொன்பது பேரும் முட்டாள்களா, ஆயா?" என்றாள். நான் எதிர்பார்த்த கேள்வி அதுவே. அல்லர். பத்தொன்பது பேரும் முழு முயற்சியோடு படித்திருந்தாலும் நாற்காலி ஒன்றுதான். இதை முன்பே அறிந்த பிள்ளை, இடம் கிடைக்காதபோது "நான் தகுதியற்றவள்" என்று தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளாது. எண்களைச் சொல்வது நம்பிக்கையைக் குலைப்பதற்கன்று, பழியைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றாமல் காப்பதற்கு என்பதை நான் அப்போது தெளிந்தேன்.

அளக்கும் கோலும் நிலையானதன்று. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-ஆம் ஆண்டு முதல் நுழைவுத்தேர்வு நடந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் அது நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவாயிற்று. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. அவ்வாண்டு அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் பெற இயலாமல், உச்சநீதிமன்றம் வரை சென்று, செப்டம்பர் முதல் நாளில் தன் உயிரை நீத்த செய்தியை நாம் மறக்கவியலாது. முந்தைய ஆண்டின் கோலால் அளந்திருந்தால் மருத்துவ மாணவியாகியிருக்கக் கூடியவர் அவர். மரக்கால் மாறினால் நெல்லின் எண்ணிக்கை மாறும், நெல் மாறுவதில்லை. நுழைவு முறை நியாயமானதா என்பது தனிக்கேள்வி. அதைக் குடிமக்களாக நாம் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அவ்வாதம் முடியும் வரை நம் வீட்டுப் பிள்ளை, தேர்வின் தரவரிசையைத் தன் உயிரின் விலையாகக் கருதாதிருக்கச் செய்வது நம் கடமை.

இவ்விடத்தில் பலரும் கணிதமேதை இராமானுசனை எடுத்துக்காட்டுவர். கணிதமே நினைவாய்ப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர், 1910-இல் நம் திருக்கோவலூருக்கு வந்து, அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரிடம் தம் குறிப்பேட்டைக் காட்டியவர். அந்தச் சந்திப்பிலிருந்தே அவருக்கு வழி திறந்தது. ஆனால் இதிலிருந்து "தோற்றவரெல்லாம் மேதையர்" என்று ஆறுதல் கூறுவது மற்றொரு பொய். நாம் கொள்ள வேண்டியது இவ்வளவே: தேர்வு தான் கேட்டதை மட்டும் அளக்கும், கேட்காததை அதனால் அளக்க இயலாது.

சரி, பிள்ளை எவ்வளவு விழையலாம்? தத்துவார்த்த சூத்திரம் தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்து, தியாகத்தையும் தவத்தையும் "ஆற்றலுக்கேற்ப" என்னும் அடைமொழியோடு வைக்கிறது. அறத்தின் உச்சியாகிய தவத்துக்கே ஆற்றல் நோக்கிய அளவு உண்டெனில், கல்லூரிப் படிப்புக்கு இல்லாதிருக்குமா? ஆனால் உரை கண்ட பூச்யபாதர் இதற்கு ஒரு காவலும் வைத்தார்: தவம் என்பது தன் ஆற்றலை ஒளிக்காமல் செய்வது. ஆகவே இவ்வடைமொழி இருபுறமும் கூரிய கத்தி. ஆற்றலுக்கு மீறியதைப் பற்றிக்கொண்டு அழிவதும் தவறு. ஆற்றல் இருந்தும் அஞ்சிக் குறைத்துக்கொள்வதும் தவறு.

நம் ஊர் உழவர் இதனை நூல் படியாமலே அறிவர். ஏரி நிரம்பினால் நெல்லுக்கு நாற்று விடுவர். பாதி நீரானால் மணிலாவோ கேழ்வரகோ விதைப்பர். ஏரியைப் பார்த்து முடிவு செய்பவரை விதையில் நம்பிக்கையற்றவர் என்று எவரும் இகழ்வதில்லை. மணிலா பயிரிட்டவர் அதற்கு நெல்லுக்குச் செய்யும் பாடில் பாதியைச் செய்வதுமில்லை. அதற்கும் முழுப்பாடு உண்டு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. "இயன்றதை மட்டும் விழை" என்று சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகச் சிற்றூர்ப் பிள்ளைகளையும், ஏழைப் பிள்ளைகளையும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளையும் வாசற்படியிலேயே நிறுத்தவில்லையா? நிறுத்தினோம். என்னோடு எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் பலர் அதற்கு மேல் பள்ளியைக் காணவில்லை. "பெண்ணுக்கு இது போதும்" என்பதுதான் அன்றைய நடைமுறை அறிவு எனப்பட்டது. ஆகவே எல்லை சொல்லும் ஒவ்வொருவரும், தாம் சொல்வது இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியதா, அன்றிப் பிள்ளையின் பிறப்பைப் பற்றியதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். முன்னது செய்தி, பின்னது கொடுமை. "இருபது பேருக்கு ஓர் இடம்" என்று சொல்லலாம். "உனக்கெதற்கு இது" என்று சொல்லலாகாது. எல்லையைக் கூறுபவர், எல்லையைத் தளர்த்தும் வழிகளையும் உடன் கூறக் கடமைப்பட்டவர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல் முதலியவற்றில் 2021-இலும் வந்தது. இதை அறியாமலே விண்ணப்பிக்காத பிள்ளைகள் இருந்துவிடக் கூடாது.

இனிச் செயல்முறைக்கு வருகிறேன். நானும் பேத்தியும் ஒரு தாளை மூன்றாகப் பகுத்தோம். எட்டாக் கொம்பு, எட்டும் கொம்பு, கைக்கொம்பு என்று பெயரிட்டோம். முதற்பகுதியில் அரசு மருத்துவக் கல்லூரியை எழுதினாள். அதை அடிக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டாம் பகுதியில் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் வந்தன. இவ்விரண்டுக்கும் தமிழ்நாட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றன; இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் பகுதியில் செவிலியர் பட்டப்படிப்பும், விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக்கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் இடம் பெற்றன. நான் அவளுக்கு விதித்த நிபந்தனை ஒன்றே: மூன்றாம் பகுதியில் எழுதும் எதுவும், அங்கே போனால் மனமுவந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெட்கத்தோடு எழுதுவதானால் எழுதாதே என்றேன். அவள் செவிலியர் படிப்பை அடித்துவிட்டுச் சற்று யோசித்து மீண்டும் எழுதினாள்.

வேளாண்மையை எழுதியபோது அவளுக்குத் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிக் கூறினேன். டி.எம்.வி. என்று பெயர் கொண்ட மணிலா வகைகள் நாடெங்கும் விதைக்கப்பட்டன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை என்பது அவளுக்குப் புதுச்செய்தி. உயிர்களைப் பேணுவதற்கு வெள்ளை அங்கி ஒன்றே வழியன்று என்று நான் சொல்லவில்லை; அவளே சொன்னாள்.

பெற்றோர்க்கும் சில சொல்ல வேண்டும். முதலாவதாக, இந்த விழைவு யாருடையது என்று ஆராயுங்கள். நான்கு கசாயங்களில் மானம் என்பது மிக நுட்பமானது. அது பிள்ளைப்பாசத்தின் உடையில் வரும். உறவினர் இல்லத் திருமணத்தில் "என் மகள் மருத்துவம் பயில்கிறாள்" என்று சொல்லும் இன்பத்துக்காகப் பிள்ளையின் ஈராண்டு உறக்கத்தைக் கேட்பது தகுமா? என் மகனிடம் இதை நான் தனியே கேட்டேன். அவன் சினந்தான், இரு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அம்மா, உங்களுக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும் என்றுதான்" என்றான். எனக்காகவும் அச்சிறுமி சுமை சுமக்கிறாள் என்பதை அறிந்தபோது நான் வாயடைத்துப் போனேன். அந்தச் சுமையை இறக்கி வைக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

இரண்டாவதாக, செலவுக்கு முன்கூட்டியே எல்லை வகுத்துச் சொல்லுங்கள். மிகுபொருள் விரும்பாமை விரதம் நமக்குக் கற்பிப்பது, வேண்டும் வேண்டும் என்னும் ஓட்டத்துக்கு நாமே ஒரு வரம்பு கட்டுவதை. பயிற்சி நிலையத்துக்கு இவ்வளவு, தனியார் கல்லூரியானால் இவ்வளவுக்கு மேல் இயலாது, நிலத்தை விற்பதில்லை என்று தெளிவாகச் சொன்னால் பிள்ளை தாங்கும். கடன் வாங்கிவிட்டு அதைப் பிள்ளைக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தால் தாங்காது.

மூன்றாவதாக, மீண்டும் ஓராண்டு எழுதுவதா என்பதைத் தேர்வு முடிவு வந்த வாரத்தின் கண்ணீரில் முடிவு செய்யாதீர். நீட் தேர்வை எத்தனை முறையும் எழுதலாம், ஐ.ஐ.டி.யின் இரண்டாம் கட்டத் தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறையே எழுதலாம். ஒரு முறைக்கு மேல் எழுதுவதா, எத்தனை மதிப்பெண் குறைந்தால் விடுவது என்பதைத் தேர்வுக்கு முன்பே, மனம் அமைதியாயிருக்கையில் பேசி முடிவு செய்க. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர். மதிப்பெண்ணைக் கேட்குமுன் உணவு உண்டாளா என்று கேளுங்கள். பிள்ளையின் பேச்சில் வாழ்வே வேண்டாமென்னும் சாயல் தோன்றினால், அதை வீட்டு மானம் கருதி மறைக்காமல், 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணையோ 104 எண்ணையோ உடனே அழையுங்கள்.

திண்ணைக்கே திரும்புகிறேன். அன்று மாலை பேத்தியின் கேள்விக்கு நான் இறுதியில் சொன்ன விடை இது: "கிடைக்கலாம், கிடைக்காமல் போகும் வாய்ப்பே மிகுதி. நீ முழு ஆற்றலோடு முயல். கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிட்டால் இந்தத் தாளின் அடுத்த வரியை எடுத்துக்கொள்வோம். எவ்வரியானாலும் நீ எனக்கு இதே பேத்திதான்." அவள் கண்கலங்கினாள், ஆனால் அன்றிரவு முதல் விளக்கை நள்ளிரவுக்கு முன் அணைத்து உறங்கினாள் என்று என் மருமகள் கூறினாள்.

மே மாதத்தில் அவள் தேர்வெழுதினாள், முடிவும் வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இடம் கிடைத்ததா இல்லையா என்பதைக் கொண்டே நான் சொன்ன சொல் சரியா தவறா என்று வாசகர்கள் அளப்பீர்கள். சொல்லை விளைவால் அளக்கும் அந்தப் பழக்கத்திலிருந்து நாம் விடுபட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதலானேன். ஒன்று மட்டும் கூறுவேன்: முடிவு வந்த அன்று அவள் ஓடிவந்து முதலில் சொன்னது என்னிடம். எந்த முகத்தோடு வருவது என்று அவள் எண்ணவில்லை.

பேருந்தில் எழுந்து நின்று எனக்கு இடம் கொடுத்த அம்மாணவன் இதைப் படிக்க நேர்ந்தால், அவனுக்கும் ஒரு சொல்: பொய்யானது என் சொல்லே, அப்பா, நீ அல்லன்.

வளர்க நல்லறம்!